ஆறாயிரம் ஆண்டும் ஆறு நாளும்: தமிழ்க் கிறித்தவ எழுத்தில் உலகின் வயதும் மனிதனின் மதிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்பது தமிழ்க் கிறித்தவத்தின் தொன்றுதொட்ட கொள்கை என்றும், மனிதனின் தனிச்சிறப்பு பற்றிய அதன் போதனை அந்த எண்ணோடு பிணைந்தது என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. ஆறாயிரம் என்னும் எண் தமிழ்ச் சூழலில் நிலவியலுக்கு எதிராக அன்றி யுகக்கணக்குக்கு எதிராகவே முதலில் நிறுத்தப்பட்டது. மனித மதிப்பை ஆழமாகப் பேசிய நூல்கள் அந்த எண்ணைத் தூணாகக் கொள்ளவில்லை. தத்துவ போதகரின் உரைநடை, தேம்பாவணி, பெத்லகேம் குறவஞ்சி ஆகியவற்றின் வழியும், பெர்சிவல், ஃபூட், பாவாணர் ஆகியோரின் பணிகள் வழியும் இது ஆராயப்படுகிறது. இன்றைய வாசிப்புக் களமாகத் திருப்பூரின் மண்ணரைப் பகுதி கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்க் கிறித்தவ இலக்கியம், உலகின் வயது, யுகக்கணக்கு, படைப்பு, தேம்பாவணி, ஏழாம் நாள், நொய்யல்

கேள்வி எழும் இடம்

திருப்பூரின் ஊத்துக்குளிச் சாலைப் பகுதியில் நொய்யலை ஒட்டி அமைந்தது மண்ணரை. வேளாண் ஊராக இருந்த இடத்தைப் பனியன் கம்பெனிகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைத்துவிட்டன. தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி இத்தொழில் வட்டாரத்துக்கு வந்த குடும்பங்களுள் கிறித்தவக் குடும்பங்களும் உண்டு. அத்தகைய ஒரு வீட்டுக்குள் இருவேறு காலக்கணக்குகள் நுழைகின்றன. பிரசங்க மேடையிலிருந்து வருவது ஆறாயிரம் ஆண்டு. பிள்ளைகளின் அறிவியல் பாடநூலிலிருந்து வருவது ஏறத்தாழ 460 கோடி ஆண்டு. வீட்டின் அடியிலுள்ள பாறை மூன்றாவது சாட்சி. கொங்கு வட்டாரத்தின் அடிப்பாறைகளுள் பல 250 கோடி ஆண்டு அளவில் பழமையுடையவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. காங்கேயத்தை அடுத்த சிவன்மலையின் அரிய பாறைத் தொகுதியைத் தாமஸ் ஹாலண்ட் 1901இல் விரிவாக எழுதியதிலிருந்து நிலவியல் உலகம் அம்மலையை அறியும். முருக பக்தர்கள் அதற்கு முன்பே அறிவர்.

இந்த முரணைத் தமிழ்த் திறனாய்வு இருவகையில் கையாண்டிருக்கிறது. பகுத்தறிவு நோக்கினர், எண் பொய்த்துவிட்டது, ஆகவே படைப்பைப் பேசும் நூல்களும் காலாவதியாயின என்பர். சமயக் காப்பு நோக்கினர், விவிலியத்தின் 'நாள்' என்பது ஓர் ஊழி என்று விரித்து எண்ணைக் காப்பாற்ற முயல்வர். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு நிலைகளுக்கும் அடித்தளம் ஒன்றே. மனிதனின் மதிப்பு உலகின் வயதைச் சார்ந்து நிற்கிறது என்று இரு சாராரும் ஒப்புக்கொண்டுவிடுகின்றனர். நூல்கள் அவ்வாறு சொல்கின்றனவா என்பதே கேள்வி.

இரண்டு கிறித்தவ எண்கள்

'கிறித்தவக் கணக்கு' என ஒருமையில் பேசுவதே முதற்பிழை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட நூல் படைப்பைக் கி.மு. 4004இல் வைத்தது. 1701 முதல் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரங்களில் அவர் கணக்கு அச்சிடப்பட்டதால், அது வேதவசனத்தோடு சேர்ந்தது போன்ற தோற்றம் பெற்றது. சீர்திருத்தத் திருச்சபையின் மிஷனரிகள் வழியாகத் தமிழகத்தில் பரவியது இந்த எண். அதற்கு முன்பே இங்கு வந்த கத்தோலிக்கக் குருக்களிடம் இருந்த எண் வேறு. கிறித்து பிறப்பு விழாவில் உரோமைத் திருச்சபை அறிவித்துவந்த கணக்கு, படைப்புக்கும் கிறித்து பிறப்புக்கும் இடையே 5199 ஆண்டுகளையும், பெருவெள்ளத்துக்கும் பிறப்புக்கும் இடையே 2957 ஆண்டுகளையும் வைத்தது. கிரேக்க மொழிபெயர்ப்பு மரபின் தலைமுறை எண்கள் எபிரேய மூலத்தின் எண்களைவிட நீண்டவை என்பதே இவ்வேறுபாட்டின் காரணம். ஒரே வேதம், இரண்டு மூலபாடங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இடைவெளி.

இவ்வேறுபாடு தமிழ்நாட்டில் வெறும் ஏட்டுக் கணக்காக நிற்கவில்லை. பஞ்சாங்க மரபுப்படி கலியுகத் தொடக்கம் கி.மு. 3102. அஷரின் கணக்கில் பெருவெள்ளம் கி.மு. 2348. ஆகவே கலியுகம் வெள்ளத்துக்கு 754 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. வெள்ளம் உலகை அழித்தது என்றால், அதைக் கடந்து தொடர்ந்து எண்ணிவந்த சோதிடக் கணக்கு எப்படிப் பிழைத்தது என்னும் வினா எழும். உரோமைக் கணக்கிலோ இடைவெளி 145 ஆண்டுகளே. எந்த எண்ணோடு ஒருவர் கப்பலேறி வந்தார் என்பதைப் பொறுத்துத் தமிழ்ப் பஞ்சாங்கம் அண்டை வீட்டாராகவோ பகைவராகவோ தோன்றியிருக்கும்.

பகைவராகத் தோன்றிய வரலாறு ஐரோப்பாவரை சென்றது. வெள்ளிக் கோளின் இடைநகர்வைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல், 1769இல் அந்நாளின் மேகமூட்டத்தால் ஏமாந்தார். ஆனால் சோழிகளை நகர்த்திக் கிரகணம் கணிக்கும் தமிழர் முறையை அங்கே கற்றுக்கொண்டார். அவர் கொண்டுசென்ற குறிப்புகளை வைத்துப் பெய்லி 1787இல் கலியுகத் தொடக்கம் நேரடி வான்நோக்கில் அமைந்தது என வாதிட்டார். லாப்லாஸ் அதை ஏற்கவில்லை. வங்காளத்திலிருந்த ஜான் பென்ட்லி இந்திய வானியலின் காலத்தை மிகப் பிற்காலத்துக்கு இறக்க முனைந்தார். புதுச்சேரிக் கணியரின் சோழிகள், அவர் அறியாமலே, மோசேயின் காலவரிசை பற்றிய சண்டையில் எறிகற்களாயின.

இப்பின்னணியில்தான் 'ஆறாயிரம்' தமிழில் பொருள் பெற்றது. 4,32,000 ஆண்டுக் கலியுகம், 43,20,000 ஆண்டுச் சதுர்யுகம், 432 கோடி ஆண்டுக் கற்பம் ஆகிய பேரெண்களுக்கு எதிரே நின்ற சிற்றெண் அது. நீண்ட காலம் புராணத்துக்கு உரியது, குறுகிய காலம் வரலாற்றுக்கு உரியது என்னும் எதிர்நிலை உருவாயிற்று. பின்னாளில் நிலவியல் நீண்ட காலத்தோடு வந்தபோது, அது எதிரியின் உடையணிந்து வந்ததாகவே தோன்றியிருக்க வேண்டும். கற்பத்தின் 432 கோடி இன்றைய நிலவியல் கணிப்புக்கு நெருங்கியிருப்பதைக் காட்டி முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் எனப் பெருமை கொள்வோரும் உளர். 12,000 தேவ ஆண்டுகளை 360ஆலும் பின்னர் 1000ஆலும் பெருக்கிப் பெற்ற எண் அது. பாறையிலுள்ள யுரேனியச் சிதைவை அளந்து பெற்ற எண்ணோடு அருகில் நிற்பது தற்செயல்.

தொடக்கமும் அனாதியும்

மதுரைக்கு 1606இல் வந்த இராபர்ட் தெ நொபிலியின் (1577–1656) தமிழ் உரைநடை நூல்களில் படைப்பு பெரும்பொருளாக உள்ளது. ஆயினும் அவர் வாதங்களின் எடை 'எப்போது' என்பதில் இல்லை. 'தொடக்கம் உண்டா இல்லையா' என்பதில் இருக்கிறது. அவர் பயின்ற இறையியல் மரபு இவ்விரண்டையும் பிரித்தறிந்தது. உலகுக்குக் காலத்தில் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் நிறுவ இயலாது, அது விசுவாசத்தால் ஏற்கப்படுவது எனத் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே வரையறுத்திருந்தார். படைக்கப்பட்டிருத்தல் என்பது இறைவனைச் சார்ந்து இருத்தல். அது எண்ணிக்கையால் கூடுவதும் குறைவதும் இல்லை.

தமிழ்ச் சூழலில் இந்த வேறுபாடு கூர்மை பெற்றது. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் அனாதி. உயிர் படைக்கப்பட்டதன்று, தொடக்கமின்மையே அதன் பெருமை. ஆத்தும நிர்ணயம் இதற்கு நேர்மாறான நிலையை எடுக்கிறது. ஆத்துமா சர்வேசுரனின் கூறும் அன்று, அனாதியும் அன்று. ஒவ்வொன்றும் தனித்தனியே உண்டாக்கப்படுகிறது. மனிதனின் மதிப்பு பழமையிலிருந்து வருவதில்லை, உண்டாக்கப்பட்டதிலிருந்து வருகிறது என்பது இதன் உட்கிடை. நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஆதாமுக்கும் இதில் ஏற்றத்தாழ்வு இல்லை. உலகின் வயதை 460 கோடியாக மாற்றினாலும் இவ்வாதத்தில் ஒரு சொல்லையும் திருத்த வேண்டியதில்லை. புனர்ஜென்ம ஆக்ஷேபத்தின் மறுப்பும் இவ்வகையினதே. ஒரு வாழ்வு ஒருமுறையே வாழப்படுகிறது என்பதால் அதன் எடை கூடுகிறது என்னும் எண்ணம் அதன் அடியில் ஓடுகிறது.

இந்நூல்களின் குறைகளை மறைப்பதற்கில்லை. மறுபிறவியை மறுக்கும் வேகத்தில் மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே எழுப்பப்படும் சுவர் மிக உயரமானது. பிற உயிர்கள் மனிதனின் பயன்பாட்டுக்கு அப்பால் ஏதேனும் பொருளுடையனவா என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. இதனினும் கடியது வேறொன்று. ஒவ்வோர் ஆத்துமாவும் நேரே படைக்கப்பட்டது எனச் சொன்னவரின் பணித்தளமே சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கமாக ஏற்று அமைந்தது. ஆத்துமாவுக்குத் தந்த சமத்துவத்தை உடலுக்குத் தரத் தவறிய முரண் அது. உலகின் வயதில் அவர் கொண்டிருக்கக்கூடிய பிழையைவிட மனித மதிப்பு பற்றிய போதனைக்கு இதுவே பெரிய ஊறு. திறனாய்வு எண்ணையே துரத்திக்கொண்டிருந்ததால் இம்முரண் உரிய கவனம் பெறவில்லை எனலாம்.

தச்சன் தலைவனாதல்

வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. விவிலிய வரலாற்றின் பெரும்பகுதி கிளைக்கதைகளாக அதனுள் அமைகிறது; எகிப்துக்குச் செல்லும் வழியில் பழைய ஏற்பாட்டு நிகழ்வுகள் சொல்லப்படுகின்றன. காலத்தை இங்கே சுமந்து செல்வது கதையின் தொடர்ச்சி. ஆண்டுக்கணக்கை எதிர்பார்த்து இக்காப்பியத்தினுள் புகுவோருக்குக் கிடைப்பது நாட்டுப் படலமும் நகரப் படலமுமே. யூதேயாவின் மீது தமிழ் மருதம் விரிகிறது.

மனித மதிப்பு பற்றிய இந்நூலின் மிகத் துணிவான கூற்று எந்தப் பாடலிலும் இல்லை. தலைவன் தேர்வில் இருக்கிறது. தன்னிகரில்லாத் தலைவனைக் கேட்கும் காப்பிய இலக்கணத்துக்கு முனிவர் தந்த விடை வளன் என்னும் சூசை. நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத கைவினைஞர் அவர். தாவீதின் அரசமரபில் வந்தவர் என்னும் குலப்பெருமையைக் காப்பியம் விடாமல் போற்றுவது உண்மையே. இலக்கண மரபுக்குச் செலுத்திய வரி என்று அதனைக் கொள்ளலாம். ஆயினும் வாளும் தேரும் இருக்க வேண்டிய இடத்தில் உளியும் இழைப்புளியும் உள்ள மனிதன் நிற்பது நிற்பதே. அரசனும் வணிகனும் துறவியும் தலைமை தாங்கிய தமிழ்க் காப்பிய வரிசையில் கைத்தொழிலாளி ஒருவருக்கு இத்தகைய முடிசூட்டு அரிது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையின் விழாவாக அறிவித்தபோது உலகத் திருச்சபை எடுத்த அடியைத் தமிழ்க் காப்பியம் 229 ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு முறையில் எடுத்துவிட்டிருந்தது. கூலித் தொழிலே வாழ்வாக அமைந்த மண்ணரை போன்ற ஊரில் இக்காப்பியத்தை வாசிப்பவர் முதலில் காண வேண்டியது இதனையே.

விரிந்த வானம், விரியாத காலம்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஜெர்மானிய லூத்தரன் மிஷனரிகளிடம் கற்றவர். இரண்டாம் சரபோசியின் காலத்தவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி, குறத்தி மலைவளமும் நாட்டுவளமும் கூறும் மரபை எடுத்துக்கொண்டு அதனுள் உலக நிலவியற் பரப்பையும் கோப்பர்னிக்கஸ் வழி வானியலையும் பொதிந்து வைத்தது. கதிரவனைச் சுற்றும் கோள்களைப் பற்றிக் குறத்தி பேசுவது தமிழ்ச் சிற்றிலக்கிய வரலாற்றில் ஒரு திருப்பம். இந்திரா விசுவநாதன் பீட்டர்சன் இந்நூலை ஆராய்ந்து அதன் அறிவியல் உள்ளடக்கத்தைக் கவனப்படுத்தியுள்ளார்.

வானம் விரிந்ததால் மனிதன் சிறுத்தான் என்னும் அச்சம் சாஸ்திரியாரிடம் இல்லை. பேரண்டத்தின் பரப்பு படைத்தவனின் புகழாகிறது. மனிதன் அப்புகழைப் பாடும் வாயாகிறான். இடத்தில் இத்துணை அச்சமின்மை காட்டிய மரபு காலத்தில் ஏன் அதைக் காட்டவில்லை? விடை எளியது. குறவஞ்சி இயற்றப்பட்டது 1800ஆம் ஆண்டையொட்டி. சார்லஸ் லயலின் நிலவியல் நூல் வெளிவரத் தொடங்கியது 1830இல். தஞ்சைக்கு நியூட்டன் வந்துவிட்டார். லயல் இன்னும் எழுத வேண்டியிருந்தது. ஆகவே சாஸ்திரியாரின் சிறிய காலம் ஒரு மறுப்பன்று, அவர் காலத்தின் எல்லை. நோவாவின் பேழையைப் பொருளாகக் கொண்ட அவரது ஞானத்தச்ச நாடகத்தில் பேழை கட்டும் தச்சுவேலையே மேடையை நிறைப்பதும் நோக்கத்தக்கது. தச்சர் இங்கும் முன்னிற்கிறார்.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது வேறு. வட்டுக்கோட்டை செமினரியின் டானியல் பூர், 1829 மார்ச் 20இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் பற்றி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் தந்த கணிப்பில் பிழையுண்டு என முன்கூட்டியே அறிவித்தார். அவர் கணிப்பே சரியாயிற்று. சில நிமிட வேறுபாட்டிலிருந்து புராணப் புவியியலும் யுகக்கணக்கும் சேர்ந்து வீழ்ந்தன என்னும் முடிவுக்குத் தாவும் வாதமுறை அங்கு வலுப்பெற்றது. கிரகணக் கணிதம் பிழைப்பது ஒன்று. உலகின் பழமை பொய்யாவது மற்றொன்று. அதே செமினரியின் ஹொய்சிங்டன் 1848இல் இந்திய வானியல் முறையை முழுமையாக நூலாக்கி அச்சிட்டார் என்பதால், எதிரணியின் அறிவை முறைப்படி கற்கும் மனமும் அங்கிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாமனாரும் மருமகனும்

இந்த வரலாற்றின் மையக் காட்சி எந்த இலக்கிய நூலிலும் எழுதப்படவில்லை. ஒரு குடும்பத்துக்குள் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரியாகப் பணியாற்றிய பீற்றர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. பின்னர் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழை 1855 முதல் நடத்தினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டினார். அவர் மகளை மணந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்து, தமிழ்நாட்டு மனிதனின் பழமையைக் கணக்கெடுக்க முடியாத ஆழத்துக்குக் கொண்டுசென்றவர் அவரே. அவ்வாண்டின் செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். மனிதனின் பழமை குறித்த லயலின் நூல் இலண்டனில் வெளிவந்ததும் அதே 1863இல்தான்.

அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் பின்னர் மேற்கொண்ட ஆய்வுகள் அங்குள்ள கருவிகளின் பழமையை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என 2011இலும், இடைப் பழங்கற்காலக் கருவிநுட்பத்தின் தொடக்கத்தை 3,85,000 ஆண்டுகள் அளவில் என 2018இலும் அறிவித்தன. ஃபூட்டின் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் பெற்றது. பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில் மறைந்தார். ஓய்வுக்காலத்தை ஏற்காட்டில் கழித்த ஃபூட் 1912இல் கல்கத்தாவில் மறைந்தார். அவர் நினைவுக்கல் ஏற்காட்டின் ஹோலி டிரினிடி தேவாலய வளாகத்தில் உள்ளது. படைப்பின் கதையைத் தமிழாக்கியவரும் அக்கதையின் வழக்கமான காலவரிசையைக் கல்லால் உடைத்தவரும் ஒரே குடும்பத்தினர்; ஒரே மலையோடு பிணைந்தவர்கள். (பல்லாவரப் பாறைக்கு ஹாலண்ட் 1893இல் 'சார்னோகைட்' எனப் பெயரிட்டதும் கல்கத்தாவின் புனித யோவான் ஆலய வளாகத்திலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான். இந்தியாவின் மிகப் பழைய பாறைகள் தம் பெயரைப் பெறவும் தேவாலய முற்றத்துக்கு வர நேர்ந்தது.)

இச்சந்திப்பைத் தன் பொருளாக்கிக்கொண்ட தமிழ்க் கிறித்தவப் படைப்பு எதுவும் இலக்கிய வரலாறுகளில் பேசப்படுவதில்லை. கோட்பாட்டளவில் தடை ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை. பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி 1837இல் தொடங்கப்பட்டு 1843 பிளவுக்குப்பின் ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபையைச் சார்ந்தது. அத்திருச்சபையின் முதல் தலைவர் தாமஸ் சால்மர்ஸ், தொடக்கநூலின் முதலிரு வசனங்களுக்கு இடையே நீண்ட காலத்துக்கு இடம் உண்டு எனப் போதித்தவர். அதன் ஆதரவாளரும் கல்தச்சராக வாழ்வைத் தொடங்கியவருமான ஹியூ மில்லர், ஆறு நாளையும் ஆறு ஊழிகளாக விரித்து எழுதினார். சென்னைக்கு வந்த கிறித்தவத்தின் ஒரு கிளையேனும் பழைய உலகத்தைத் தன் மூட்டையில் கொண்டுவந்திருந்தது.

அம்மூட்டை தமிழில் பிரிக்கப்படாததற்குக் காரணம் சூழலின் அழுத்தம். நாவலரின் சைவதூஷண பரிகாரம் 1854இல் வந்தது, சி.வை. தாமோதரம்பிள்ளையின் விவிலிய விரோதமும் வந்தது. 1880களில் தத்துவ விவேசினி யுகத்தையும் ஆதியாகமத்தையும் ஒருசேரத் தாக்கியது. கண்டனமும் மறுகண்டனமும் ஓங்கிய களத்தில் தன் எண்ணை விட்டுக்கொடுப்பது தோல்வியாகத் தோன்றும். எண்ணைக் காத்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை, தம் ஊரின் கற்களைப் பார்க்க மறந்தது.

எண்ணின் மறுபிறவி

கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து மிஷன் பள்ளிகளில் கற்று, கிறித்தவக் கீர்த்தனமும் இயற்றிய தேவநேயப் பாவாணர், ஆறாயிரத்தை முற்றாகக் கைவிட்டவர். 1966இல் வெளிவந்த ஆங்கில நூலில் அவர் தமிழின் தோற்றத்தை இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்பும், குமரிக்கண்ட நாகரிகத்தைக் கி.மு. 50,000இலும் வைத்தார். நிலவியலோ தொல்லியலோ இக்கால எல்லையை ஏற்கவில்லை. எண் தலைகீழாயிற்று, அதனிடம் ஒப்படைக்கப்பட்ட பணி மாறவில்லை. முன்னது இளமையால் வேதத்தைக் காத்தது. பின்னது முதுமையால் மொழியைக் காத்தது. இரண்டிலும் மதிப்பு ஆண்டெண்ணிக்கையிலிருந்து பெறப்படுகிறது. தெ நொபிலியின் ஆத்தும வாதத்தோடு ஒப்பிட்டால் பாவாணரும், அவர் எதிர்த்திருக்கக்கூடிய ஆறாயிரவாதியும் உடன்பிறந்தோராகவே தெரிகின்றனர்.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கிடையே எண்ணை அமைதியாக இறக்கி வைத்துவிட்டது. பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் உலகின் வயதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் பேசினார்; இரண்டாம் யோவான் பவுல் 1996இல் பரிணாமம் வெறும் கருதுகோளைவிட மேலானது என்றார். சீர்திருத்த மரபின் ஒரு பகுதியிலோ எண் திரும்பி வந்தது. 1961இல் அமெரிக்காவில் விட்கோம்பும் மோரிசும் பெருவெள்ளம் பற்றி எழுதிய நூலுக்குப்பின் இளைய உலகக் கொள்கை புத்துயிர் பெற்றது. இன்று தமிழ்ப் பிரசங்க மேடைகளில் கேட்கும் ஆறாயிரம் பெரும்பாலும் தஞ்சையிலிருந்தோ தரங்கம்பாடியிலிருந்தோ வந்ததன்று. இந்தப் புதிய இறக்குமதி. அதைத் தமிழ்க் கிறித்தவத்தின் பழமரபெனக் கொள்வது வரலாற்றுப் பிழை.

ஏழாம் நாள்

நாளின் நீளம் பற்றிய வாதம் முழுவதும் முதல் ஆறு நாள்களிலேயே நின்றுவிடுவது வியப்புக்குரியது. தொடக்கநூலின் முதற்பகுதி ஏழாக அமைந்தது. அதன் நடை ஏழாம் நாளின் ஓய்வை நோக்கியே செல்கிறது. அதன்பின் விவிலியம் இந்த ஏழை எடுத்துப் பயன்படுத்துமிடம் நிலவியல் அன்று, தொழிலாளர் சட்டம். யாத்திராகமத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் காரணம் படைப்பு. உபாகமத்தில் அதே கட்டளைக்குக் காரணம் எகிப்தின் அடிமை வாழ்வு. இரு காரணங்களும் ஒரே கட்டளைக்குத் தரப்படுவது வாசிப்புக்கு வலுவான திறவுகோல்: படைப்புக் கதை யாருக்கு ஓய்வு உண்டு என்பதைச் சொல்லும் கதையாகவும் வாசிக்கப்பட்டிருக்கிறது. அருகிலிருந்த பாபிலோனியக் கதையில் தேவர்களின் வேலைச்சுமையைச் சுமக்கவே மனிதர் ஆக்கப்பட்டனர். தொடக்கநூலில் மனிதனுக்குக் கிடைத்த முதல் முழு நாள் ஓய்வுநாள்.

திருப்பூரில் இப்பகுதி வேறொலி பெறும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் பருவத்தில் ஷிப்டு ஒன்றரையாகும், பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு இயந்திரம் நின்ற நேரம் கூலியற்ற நேரம், ஞாயிறும் கரைந்துபோகும். மனிதன் எத்துணை ஆண்டுப் பழமையுடையவன் என்பதைவிட, மனிதன் உற்பத்தி எண்ணிக்கைக்கு அப்பால் ஏதேனும் பொருளுடையவனா என்பதே அங்கு மனித மதிப்பு பற்றிய வினாவாகிறது. ஆறு நாளும் இருபத்துநான்கு மணி நேர நாளா என்று மேடையில் விளக்கப்படும்போது, கேட்போரின் நாள் எத்தனை மணி நேரம் என்பது கேட்கப்படுவதில்லை.

மனிதன் உலகை ஆள்வதற்கென வைக்கப்பட்டான் என்னும் போதனையும் இங்கே சோதனைக்குள்ளாகிறது. நொய்யலில் கலந்த சாயக்கழிவு வழக்காகி, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கீழ்ப்புறத்தில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டப்பட்டுக் கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அதே ஆற்றின் கரையில் சங்ககாலக் கொடுமணல், கல்மணிகள் இழைத்த கைவினைஞரின் ஊராகக் கா. இராஜன் முதலியோரின் அகழாய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல், 'ஆளுதல்' என்பதைச் சுரண்டலுக்கு உரிமமாகக் கொள்ளும் வாசிப்பைத் தவறெனத் தள்ளி, தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் பேணுதல், காத்தல் என்னும் பொறுப்பை முன்வைத்தது. விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே தெ நொபிலி எழுப்பிய சுவரில் இது ஒரு வாயில். எனினும் ஆற்றைக் காக்கும் இறையியல், மூடிய பட்டறையில் வேலையிழந்தவரையும் கணக்கில் கொள்ள வேண்டும். உபாகமத்தின் ஓய்வுநாள் பட்டியலில் வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும் ஒரே வாக்கியத்தில் இடம்பெறுகின்றனர். ஊரில் தங்கியிருக்கும் அந்நியனும் அவர்களோடு எண்ணப்படுகிறான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூர்க் குடியிருப்புகளில் தங்கித் தைப்பவர்களுக்கு அப்பட்டியலில் இடம் தேடி ஒதுக்க வேண்டியதில்லை. அது முன்பே எழுதப்பட்டிருக்கிறது.